வெறும் மேடை, ஒரு விசிறி, இரண்டு வேலைக்காரர்கள்

ஒரு நகைச்சுவை நாடகம் போட என்னென்ன வேண்டும் என்று நாடகக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். திரை, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி, பின்னணி இசை, ஒப்பனை, வீடு மாதிரி ஒரு செட், நாற்காலி மேசை, இரட்டை அர்த்த வசனம் என்று பட்டியல் நீளும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் பட்டியல் தயாரித்தே காலம் தள்ளியவன் நான். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இதில் எதை அடித்தால் காரியம் கெடாது என்று பார்ப்பது தொழில் பழக்கம். ஜப்பானில் அறுநூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் கியோகென் என்ற நகைச்சுவை நாடகம், மேலே சொன்ன பட்டியலில் அநேகமாக எல்லாவற்றையும் அடித்துவிட்டது. மிஞ்சியது ஒரு மரமேடை, ஒரு விசிறி, இரண்டு மூன்று ஆட்கள். காரியம் கெடவில்லை.

இந்தக் குறைவுதான் அந்தக் கலையின் பலம் என்பது என் கட்சி. "பழைய கலை, பாவம், வசதி இல்லாத காலத்தில் பிறந்தது, இப்போது கொஞ்சம் பளபளப்பாக்கினால் ஜனங்கள் வருவார்கள்" என்று பேசுகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களோடு ஒரு வழக்கு பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜப்பானுக்குப் போனதில்லை. அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், பிரெஞ்சு வரிகள் கீழே ஓடும் பதிவுகளைப் பேரன் தேடிக் கொடுத்தான். கைபேசியிலும் பிறகு தொலைக்காட்சியிலுமாக நிறையப் பார்த்தேன். நாளாவட்டத்தில் கீழே ஓடும் வரிகளைப் படிப்பதையே விட்டுவிட்டேன். ஏன் விட முடிந்தது என்பதுதான் நான் சொல்ல வந்ததின் நடுப்பகுதி.

வசதி இல்லாததால் வந்த எளிமை என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கியோகென் தனியாகப் பிறந்த பிள்ளை இல்லை. நோஹ் என்ற கனமான நாடகத்தோடு ஒரே வீட்டில், பதினான்காம் நூற்றாண்டில் வளர்ந்தது. இரண்டும் ஒரே மேடையில் நடக்கும். ஒரு நோஹ் முடிந்து அடுத்த நோஹ் தொடங்குமுன் நடுவில் ஒரு கியோகென் என்பது பழைய முறை. இரண்டையும் சேர்த்துத்தான் நோகாகு என்று சொல்கிறார்கள். யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்ததும், 2008இல் தன் பட்டியலில் சேர்த்ததும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

இப்போது கவனியுங்கள். நோஹ் நடிகர் வரும்போது தங்க ஜரிகை போட்ட பட்டு உடை, நூற்றாண்டுகள் பழைய முகமூடி, குழல், மத்தளங்கள், வரிசையாக உட்கார்ந்து பாடும் கூட்டம் எல்லாம் உண்டு. அதே மேடையில், அதே நாளில், அதே பிரபுக்கள் உட்கார்ந்திருக்கும்போது, கியோகென் நடிகர் சணல் துணியில் தைத்த மேலாடையோடு, பெரும்பாலும் முகமூடி இல்லாமல், மை பூச்சு எதுவும் இல்லாமல், காலில் மஞ்சள் உறையோடு வந்து நிற்கிறார். பக்கத்து அறையில் பட்டு மடித்து வைத்திருக்கிறது. இவர் எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு வறுமை என்று பெயர் வைக்க முடியுமா? தெரிந்தே வேண்டாம் என்று வைத்த எளிமை இது.

மேடையும் அப்படித்தான். பக்கத்துக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் உள்ள சதுரம், சைப்ரஸ் மரப் பலகைத் தரை, பின்சுவரில் ஒரு பைன் மரம் வரைந்த படம், இடப்பக்கம் நடிகர்கள் வந்து போக ஒரு நீண்ட பாலம். எந்த நாடகம் நடந்தாலும் அதே பைன் மரம்தான். திரை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நடிகர் பாலத்தில் நடந்து வந்து நம்மைப் பார்த்து நின்று, தான் இந்தப் பக்கத்தில் வசிப்பவன் என்று அறிமுகம் செய்துகொள்வார். பல நாடகங்கள் அப்படித்தான் தொடங்கும். பேர் இல்லை, ஊர் இல்லை. இந்தப் பக்கத்து ஆள், அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட ஆள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறான்.

அவர் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானால் மேடையை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஊர் வந்துவிட்டது. கதவைத் திறக்க வேண்டுமானால் கையால் தள்ளுவது போல ஒரு அசைவு செய்து, வாயாலேயே "சரசரசர" என்று ஓசை கொடுப்பார். இந்த ஒரு ஓசை மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது, நம் காதுக்கும் அது சரசரதானே! மதுவை ஊற்றினால் "தொபு தொபு", மரம் அறுத்தால் அதற்கொரு ஓசை, கோயில் மணிக்கு ஒரு ஓசை, எல்லாம் நடிகரின் வாய்தான். காட்சியில் வேலை முடிந்த பாத்திரம் உள்ளே போகாமல் மேடை ஓரத்திலேயே அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். அது அங்கே இல்லை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்கிறோம். ஒரு சிரமமும் இல்லை.

விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடியிருந்தால் அது கத்தி, ரம்பம், எழுதுகோல். திறந்தால் மதுக் கிண்ணம், கதவு, தட்டு. இன்னொரு சாமான், கருப்பு அரக்குப் பூசிய உருளைப் பெட்டி ஒன்று. அதன் மேல் உட்கார்ந்தால் ஆசனம். மேலே ஏறி நின்றால் மரம். மூடியைத் திறந்தால் பீப்பாய். அந்த மூடியே பெரிய கிண்ணம். ஒரே பொருளை நாலு தலைப்பில் கணக்குக் காட்டினால் எங்கள் அலுவலகத்தில் தணிக்கைக்காரர் விட்டிருக்க மாட்டார். கியோகெனில் பார்வையாளர்தான் தணிக்கைக்காரர். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

இனி அசைவு. எளிமை என்றால் எப்படி வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். செட்டும் விளக்கும் இருந்தால் நடிகரின் குறையை அவை மறைத்துக்கொள்ளும். வெறும் மேடையில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆகையால் உடம்புக்குச் சட்டம் கடுமை. இடுப்பைச் சற்றுத் தாழ்த்தி, முழங்காலை லேசாக மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்க வேண்டும். நடக்கும்போது பாதம் தரையை விட்டு எழக் கூடாது, வழுக்கிக்கொண்டே போக வேண்டும். சுரி ஆஷி என்று இதற்குப் பெயர். தலை மேலும் கீழும் ஆடாது. சிரிப்பதற்கு முறை உண்டு, அழுவதற்கு முறை உண்டு, மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடுவதற்கும் முறை உண்டு. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து ஏறும், உடம்பு முழுதும் அதோடு போகும். அழுகை என்றால் கையைக் கண்ணருகே கொண்டுபோய்க் குரலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். முகத்தைக் கோணலாக்குவது, கண்ணை உருட்டுவது, பல்லைக் காட்டுவது எதுவும் இல்லை.

இந்தச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு மூன்று நாலு வயதிலேயே ஆரம்பிக்கிறார்கள். தகப்பனோ பாட்டனோ ஒரு வரி சொல்ல, பிள்ளை கிளி மாதிரித் திருப்பிச் சொல்லும். அர்த்தம் பிறகுதான். குரங்காய் ஆரம்பித்து நரியாய் முடிப்பது என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. உட்சுபோசாரு நாடகத்தில் குழந்தை முதல்முதலாகக் குரங்கு வேஷம் கட்டும். ட்சுரிகிட்சுனே நாடகத்தில், வேட்டைக்காரனை ஏமாற்ற வந்த கிழ நரியாக ஆடிக் காட்டினால்தான் முழு நடிகன் என்று ஒப்புக்கொள்வார்கள். இவ்வளவு வருஷப் பயிற்சிக்குப் பிறகு மேடையில் பார்த்தால், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பேசிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது. அதுதான் விஷயம்.

கதைகளுக்கு வருகிறேன். இன்று ஆடப்படுபவை சுமார் 260 என்கிறார்கள். பெரும்பாலானவை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிகமாக வருபவர் தாரோ காஜா என்ற வேலைக்காரர். கூடவே ஜிரோ காஜா என்று இன்னொருவர். எஜமான் ஒருவர்.

புசு என்ற நாடகம் ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில்கூட இடம்பெற்றது. எஜமான் வெளியே போகிறார். ஒரு பெட்டியைக் காட்டி, இதில் இருப்பது கொடிய விஷம், அதன் மேல் பட்டு வரும் காற்று பட்டாலே சாவு என்று சொல்லிப் போகிறார். உள்ளே இருப்பது சர்க்கரை. இரண்டு வேலைக்காரர்களும் விசிறியால் எதிர்க்காற்று வீசிக்கொண்டே பெட்டியை நெருங்குகிறார்கள், பயந்து ஓடிவருகிறார்கள், மறுபடி நெருங்குகிறார்கள். இந்தப் போக்குவரவைப் பார்த்துச் சிரிக்க எந்த மொழியும் தேவை இல்லை. சர்க்கரை முழுதும் தின்று தீர்ந்ததும் தாரோ காஜாவுக்கு ஒரு யோசனை. எஜமானின் அருமையான சித்திரச் சுருளைக் கிழிக்கிறார்கள், கிண்ணத்தை உடைக்கிறார்கள். எஜமான் திரும்பி வந்தால் இருவரும் உட்கார்ந்து அழுகிறார்கள். தூக்கம் வராமலிருக்க மல்யுத்தம் செய்தோம், பொருள்கள் உடைந்துவிட்டன, செத்துப் பரிகாரம் தேடலாம் என்று அந்த விஷத்தைத் தின்றோம், எவ்வளவு தின்றும் சாவு வரவில்லையே! இந்தக் கதையின் கரு 1283இல் முஜூ என்ற துறவி எழுதி முடித்த ஷாசேகிஷூ என்ற நூலில் இருக்கிறது. அங்கே எஜமான் இடத்தில் ஒரு பிட்சு, வேலைக்காரர் இடத்தில் ஒரு சிறுவன். எழுநூறு வருஷமாக இனிப்பை ஒளித்துவைக்கும் பெரியவர்களும் மாறவில்லை, கண்டுபிடிக்கும் சின்னவர்களும் மாறவில்லை.

போ ஷிபாரி இதைவிட ஒரு படி மேல். இரண்டு பேரும் மதுவைத் திருடிக் குடிப்பதால், எஜமான் ஒருவனின் இரண்டு கைகளையும் நீட்டித் தோளின் குறுக்கே ஒரு கம்போடு கட்டிவிடுகிறார். மற்றவன் கைகளைப் பின்னால் கட்டிவிடுகிறார். இப்போது எப்படிக் குடிப்பீர்கள்? கம்பில் கட்டுண்டவன் கிண்ணத்தால் மொள்ள முடியும், தன் வாய்க்குக் கொண்டுவர முடியாது. ஆகையால் முதலில் கூட்டாளிக்குக் கொடுக்கிறான். பிறகு கூட்டாளியின் பின்கட்டுக் கையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, குனிந்து அதில் குடிக்கிறான். குடித்த மகிழ்ச்சியில் கட்டோடு கட்டாக ஆடுகிறார்கள். கடைசியில் கிண்ணத்து மதுவில் எஜமான் முகம் நிழலாகத் தெரிகிறது. அவர் பின்னால் வந்து நிற்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கருமித்தனத்தால் அவர் நினைப்பு இங்கேயே சுற்றுகிறது என்று கேலி பேசிக்கொண்டே குடிக்கிறார்கள்.

கீழே ஓடும் பிரெஞ்சு வரிகளை நான் விட்டது இந்த நாடகத்தில்தான். கை கட்டுண்டவன் குடிக்க என்ன வழி என்று உடம்பு தேடுகிறது. அந்தத் தேடல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. 1916இல் காபுகிக்காரர்கள் இதை எடுத்து, ஷமிசென் இசையும் பாட்டும் சேர்த்து நடன நாடகமாக்கினார்கள். அதுவும் அழகுதான், இன்றும் ஆடுகிறார்கள். ஆனால் அங்கே என் கண் இசையோடு போய்விடுகிறது. கியோகெனில் போக வேறு இடம் இல்லாததால் அந்தக் கட்டுண்ட கையிலேயே நிற்கிறது.

பள்ளியில் எங்களுக்கு மோலியேர் பாடம். 1671இல் அவர் போட்ட ஸ்காப்பேன் நாடகத்தில் வேலைக்காரன் கிழ எஜமானைச் சாக்குக்குள் ஏற்றி, வேறு ஆட்கள் அடிப்பது போலக் குரலை மாற்றித் தானே நையப் புடைப்பான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றும் எனக்குப் பிடித்த நாடகம்தான். ஆனால் தாரோ காஜாவைப் பார்த்த பிறகு ஒரு வித்தியாசம் புலப்பட்டது. ஸ்காப்பேனுக்குப் பழி தீர்க்க வேண்டும். தாரோ காஜாவுக்குச் சர்க்கரை வேண்டும், ஒரு கிண்ணம் மது வேண்டும். எஜமானை அவமானப்படுத்துவதில் அவனுக்கு அக்கறை இல்லை. நாடகம் முடியும்போது எஜமான் "விடமாட்டேன், விடமாட்டேன்" என்று துரத்த, வேலைக்காரன் மன்னிப்புக் கேட்டபடி பாலத்தில் ஓடிப்போவான். பிடிபட்டானா என்று காட்டுவதில்லை. நாளைக்கும் இருவரும் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். மேலதிகாரியும் கீழ்ச்சிப்பந்தியும் வருஷக்கணக்காக ஒரே அறையில் உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த முடிவு எவ்வளவு சரியானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் குழந்தை விளையாட்டு, ஆழம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இரண்டு நாடகங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நான் முன்பு பெயர் சொன்ன உட்சுபோசாரு. ஒரு பிரபு தன் அம்பறாத்தூணிக்கு உறை போடக் குரங்குத் தோல் வேண்டும் என்று, வழியில் வந்த குரங்காட்டியை மிரட்டுகிறார். மறுத்தால் இரண்டு பேரையும் எய்துவிடுவேன் என்கிறார். அம்பு பட்டால் தோல் கெடும். ஆகையால் தானே ஒரே அடியில் கொன்று தருவதாகக் குரங்காட்டி ஒப்புக்கொண்டு கோலை ஓங்குகிறான். குரங்கு அந்தக் கோலைப் பிடுங்கி, படகு தள்ளும் வித்தையைச் செய்துகாட்டத் தொடங்குகிறது. தன்னை ஆடச் சொல்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. குரங்காட்டி உடைந்து அழுகிறான். பிரபுவும் அழுதுவிடுகிறார். உயிர் தப்பிய குரங்கு ஆட, பிரபு தன் விசிறி, வாள், மேலாடை என்று ஒவ்வொன்றாகப் பரிசாகக் கொடுத்து, கடைசியில் தானும் குரங்கோடு சேர்ந்து ஆடுகிறார். அந்தக் குரங்கு நாலு வயசுப் பிள்ளை. கோலை ஓங்குகிறவர் பல சமயம் அதன் தகப்பனார் அல்லது தாத்தா. ஒரு கோல், ஒரு குழந்தை. இதற்கு மேல் என்ன சாமான் வேண்டும்?

இன்னொன்று ட்சுகிமி சாதோ. இலையுதிர் காலத்து முழுநிலா இரவில், கண் தெரியாத ஒருவர் பூச்சிகளின் ஒலியைக் கேட்க வெளியே வருகிறார். நிலவு பார்க்க வந்த ஒருவன் அவரோடு பேச்சுக் கொடுக்கிறான். இருவரும் கவிதை பேசி, மது பகிர்ந்து, நல்ல நண்பர்களாகப் பிரிகிறார்கள். போகிற வழியில் அந்த ஆளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து, குரலை மாற்றிக்கொண்டு, வேண்டுமென்றே மோதி அவரைக் கீழே தள்ளிவிட்டுப் போய்விடுகிறான். விழுந்தவர் தடியைத் தடவி எடுத்துக்கொண்டு, முன்னால் வந்தவர் எவ்வளவு நல்லவர், இவன் எப்படிப்பட்டவன் என்று நொந்துகொள்கிறார். இருவரும் ஒரே ஆள் என்பது நமக்கு மட்டும் தெரியும்.

மேடையில் நிலா இல்லை. விளக்கு மாறவில்லை. அவருக்கு எப்படி நிலா தெரியாதோ அப்படியே நமக்கும் தெரியவில்லை. அட்டையில் ஒரு நிலாவை வெட்டித் தொங்கவிட்டிருந்தால் நாம் அந்தக் கண் தெரிந்தவன் பக்கம் போயிருப்போம். நிலா இல்லாததால் விழுந்தவர் பக்கம் இருக்கிறோம். எளிமையின் பலன் இது. சிரிப்பு நாடகம் என்று உட்கார்ந்தவனுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

சரி, என் கட்சிக்கு எதிராக என்ன சொல்லலாம் என்றும் பார்க்க வேண்டும். எளிமைதான் பலம் என்றால், அழிந்தவர்கள் ஏன் அழிந்தார்கள்? நியாயமான கேள்வி. கியோகெனில் முன்பு ஓகுரா, இசுமி, சாகி என்று மூன்று மரபுகள். 1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்து மேய்ஜி அரசு வந்தபோது, நடிகர்களுக்குப் பிரபுக்கள் கொடுத்துவந்த மானியம் நின்றது. சாகி மரபின் தொழில்முறை வரிசை அதற்குப் பிறகு அற்றுப்போனது. சாதோ தீவு, யமாகுச்சி போன்ற சில இடங்களில் ஊர்க்காரர்கள் கையில் மட்டும் மிஞ்சியது. சாகிக்காரர்களும் அதே விசிறி, அதே வெறும் மேடைதான். ஆக எளிமை மட்டும் யாரையும் காப்பாற்றாது.

கியோத்தோவில் ஷிகேயாமா குடும்பத்தார் செய்ததைப் பாருங்கள். கலியாண வீடோ, ஊர்த் திருவிழாவோ, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஆடினார்கள். வீட்டில் குழம்புக்கு ஒன்றும் இல்லையென்றால் தோஃபு வாங்கிக்கொள்கிற மாதிரி, நிகழ்ச்சிக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் இவர்களைக் கூப்பிடலாம் என்று மற்றவர்கள் ஏளனம் செய்தார்கள். தோஃபு சோயாவில் செய்யும் மலிவான பண்டம், அங்கே எல்லார் வீட்டிலும் உள்ளது. அந்தக் குடும்பம் அந்த ஏளனத்தையே கொடியாகப் பிடித்துக்கொண்டது. தோஃபு மலிவுதான், ஆனால் சத்துள்ளது, ஏழையும் உண்பான், பணக்காரனும் உண்பான், நாங்களும் அப்படியே இருப்போம் என்றார்கள். அந்தப் பேச்சு இன்றும் அவர்கள் வீட்டு முத்திரை. அந்த வீட்டு நான்காவது சென்சாகு (1919 முதல் 2013 வரை வாழ்ந்தவர்) 2007இல் அரசின் கலாசார விருதைப் பெற்றார். இரண்டு ஆட்களும் ஒரு விசிறியும் என்பதால்தான் எந்த வீட்டு முற்றத்துக்கும் போக முடிந்தது. எளிமை வழியைத் திறந்துவிட்டது, நடந்தவர்கள் பிழைத்தார்கள். என் கட்சியை இந்தத் திருத்தத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆட்சேபம், பாஷை பழசு, இளைஞருக்குப் புரியாது என்பது. இதற்கும் பதில் உண்டு. இசுமி மரபைச் சேர்ந்த நோமுரா மன்சாய், 1985இல் குரோசாவாவின் ரான் படத்தில் கண்ணிழந்த இளைஞனாக வந்தவர், 2003 முதல் என்எச்கே தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான மொழி நிகழ்ச்சியில் கியோகெனை அதே குரலில், அதே அசைவில் செய்துகாட்டினார். குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஆள்மாறாட்ட நாடகத்தை 2001இல் கியோகெனாக ஆடியதும் அவர்தான். கதை புதிது, நிற்பதும் நடப்பதும் பழசு. மாற்றம் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதை மாற்றினாலும் பாதம் தரையில் இருக்கட்டும் என்கிறேன்.

மூன்றாவது, குடும்பச் சொத்துப் போல ஆண்கள் கையிலேயே இருக்கிறதே என்பது. உண்மை. பெண் வேஷத்தையும் ஆண்களே, தலையில் நீண்ட வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். பெண் நடிகர்கள் மிகக் குறைவு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வெறும் மேடைக்கும் விசிறிக்கும் அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் தேவை இல்லை.

ஐரோப்பியருக்கு இந்த வெறுமை இருபதாம் நூற்றாண்டில்தான் ஞானோதயமாக வந்தது. பாரிஸில் ழாக் கொப்போ 1913இல் வியூ கொலோம்பியே நாடக அரங்கைத் தொடங்கியபோது, எங்களுக்கு வெறும் பலகை மேடை போதும் என்று அறிவித்தார். 1924இல் அவருடைய பள்ளி மாணவர்கள் கான்தான் என்ற நோஹ் நாடகத்தைப் பயின்றார்கள். மோலியேரை நன்றாகப் புரிந்துகொள்ள அந்த வெறும் பலகை தேவைப்பட்டது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஏனென்றால் மோலியேரும் ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த இடத்தில் ஆடித்தான் தொழில் பழகினார்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மன்சாயின் தகப்பனார் நோமுரா மன்சாகு 1931இல் பிறந்தவர். 2023இல் கலாசார விருது பெற்றபோது 92 வயது. தொண்ணூறு கடந்தும் மேடை ஏறியவர். அவருடைய பிற்காலப் பதிவுகளைப் பார்த்தால், இளமையில் செய்த துள்ளல் இல்லை. திரும்புவது மெதுவாகிவிட்டது. ஆனால் நிற்கிறார் பாருங்கள், அந்த நிலை மட்டும் அப்படியே இருக்கிறது. விசிறியைத் திறந்தால் மேடை முழுதும் அதைப் பார்க்கிறது. ஓடி ஆடி விளையாடி ஜெயிக்கும் கலையாக இருந்திருந்தால் அவர் எப்போதோ வீட்டில் உட்கார்ந்திருப்பார். வேண்டாததை எல்லாம் ஆரம்பத்திலேயே கழித்துவிட்ட கலை என்பதால், வயது வந்து கழிப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. நமக்கு முழங்கால் போகிறது, காது போகிறது, பெயர்கள் மறந்துபோகின்றன. எது போனாலும் மிஞ்சுகிற மாதிரி எதையாவது நாம் பழகி வைத்தோமா என்ற கேள்வி அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது. பதிலை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டில் பேரனோ பேத்தியோ இருந்தால் போ ஷிபாரி என்று தேடிப் போடச் சொல்லுங்கள். முதல்முறை கீழே ஓடும் வரிகளைப் படிக்காமல், நடிகர்களின் பாதத்தை மட்டும் பாருங்கள். பிறகு கையைப் பாருங்கள். சிரிப்பு வந்தால் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், வழக்கு இன்னும் முடியவில்லை.